ஊர் கூடி உறைய வைத்த பனி

மலேசியாவில் பனித்தளம் என்பது பேரங்காடியோடு ஒட்டிப் பிறந்த பொருள். 1997-இல் திறக்கப்பட்ட சன்வே பிரமிட்டிலும், புத்ராஜெயாவில் உள்ள ஐ.ஓ.ஐ. சிட்டி மாலிலும் கடைகளுக்கு நடுவேதான் பனித்தளம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் பனிச்சறுக்கும் ஐஸ் ஹாக்கியும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அவை நடந்த டாமன்சாரா அரங்கமும் ஒரு பேரங்காடி வளாகத்துக்குள்தான் அமைந்தது. சன்வே தளத்தில் சறுக்கிப் பழகிய ஜூலியன் யீ 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாட்டைப் பிரதிநிதித்ததை நாம் எல்லாரும் பெருமையோடு பார்த்தோம். ஆக, பனித்தளத்தை ஒரு நிறுவனம் கட்டும், நாம் கட்டணம் செலுத்தி உள்ளே போவோம் என்பதுதான் நமக்குத் தெரிந்த ஏற்பாடு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு கிராமம் தன் கையாலேயே பனித்தளம் கட்டி, அதை அரை நூற்றாண்டாக நடத்தியும் வரும் என்பதை நேரில் பார்க்கும்வரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கோலாலம்பூரில் குளிர்பதனத் தொழிலில் இருப்பவன் நான். அலுவலகக் கட்டடங்களின் சில்லர்களை, அதாவது நீரைக் குளிர்விக்கும் இயந்திரங்களை, பராமரிப்பது என் வேலை. கம்ப்ரசரின் ஓசையைக் கேட்டே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவேன் என்று என் பையன்கள் கேலி செய்வார்கள். என் சின்னம்மா மகள் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் மருந்தாளராகப் பணிபுரிகிறாள். அவளைப் பார்க்கப் போன குளிர்காலத்தில், வந்த மறுநாளே, "அண்ணே, உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒன்னு இருக்கு" என்று சொல்லி அழைத்துப் போனது அந்த ஊர்ப் பனி அரங்கத்தின் இயந்திர அறைக்குத்தான். வெளியே எல்லாமே உறைந்துகிடக்கும் குளிர். அப்படிப்பட்ட ஊரில் பனியை உண்டாக்க இயந்திரம் எதற்கு என்ற கேள்விதான் என் மனத்தில் முதலில் எழுந்தது.

இயந்திரம் இல்லாமல்தான் அவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். உறைந்த குளம், ஆற்று வளைவு, பள்ளிக்கூடத்துப் பின்புறத்தில் பலகை அடைத்து நீர் ஊற்றிய திடல் ஆகியவைதாம் கனடியச் சமவெளிச் சிற்றூர்களின் முதல் ஆடுகளங்கள். கூரைக்குக் கீழே ஹாக்கி ஆடும் பழக்கம் மொன்ட்ரியால் நகரின் விக்டோரியா சறுக்குத் தளத்தில் 1875-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் நடந்த ஆட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது; அந்தத் தளத்திலும் இயற்கையாக உறைந்த பனிதான். கிராமத்தார் அதைப் பார்த்துத் தங்கள் திடலுக்கு மேலே ஒரு மரக்கொட்டகை போட்டுக்கொண்டார்கள். கொட்டகை பனிப்பொழிவைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும். ஆனால் இதமான வானிலையைத் தடுக்காது. நடுக்குளிர்காலத்தில்கூடச் சில நாள் வெயில் ஏறினால் தளம் சொதசொதவென்று ஆகிவிடும். மூன்று ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த குழுக்கள் ஆடாமலே திரும்பிப் போகும். பனிக்காலம் நீளமானதுதான், ஆனால் நம்பகமானது அல்ல. இயந்திரம் வேண்டும் என்ற ஆசை அங்கே இப்படித்தான் முளைத்தது.

செயற்கைப் பனித்தளத்தின் வரலாறு என் தொழிலின் வரலாறும்கூட. 1876-இல் லண்டன் செல்சீ பகுதியில் ஜான் காம்ஜி என்பவர் திறந்த கிளேசியேரியம்தான் இயந்திரத்தால் உறைய வைக்கப்பட்ட முதல் சறுக்குத் தளம். அவர் விளையாட்டுக்காகக் குளிர்பதனத்தில் இறங்கியவர் அல்லர். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இறைச்சியைக் கெடாமல் கப்பலில் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தவர். செப்புக் குழாய்களைத் தரையில் பரப்பி, அவற்றினூடே குளிர்ந்த கிளிசரின் கலவையை ஓடவிட்டு, மேலே நீரை ஊற்றி உறைய வைத்தார். இன்றைக்கும் உலகின் எந்தச் செயற்கைப் பனித்தளத்திலும் அடிப்படை இதுதான். 1911-இல் ஹாக்கி ஆட்டக்காரர்களான பேட்ரிக் சகோதரர்கள் வான்கூவரிலும் விக்டோரியாவிலும் கட்டிய அரங்குகளோடு இந்த முறை கனடாவுக்குள் நுழைந்தது. நகரத்தில் பணம் படைத்தவர்கள் செய்ததைக் கிராமங்கள் செய்ய மேலும் சில பதிற்றாண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்குச் சிலை வைப்பதற்குப் பதிலாக நினைவு அரங்கம் கட்டுவது என்று பல ஊர்கள் முடிவெடுத்ததும், 1967-இல் கனடாவின் நூற்றாண்டு விழாவை ஒட்டி ஊர்ப்பொதுக் கட்டடங்களுக்கு மானியம் கிடைத்ததும் அந்த அலையைத் தூண்டின. இன்றும் ஊர் ஊராகச் சென்றால், அரங்கத்தின் பெயரிலேயே "நினைவு" என்றோ "நூற்றாண்டு" என்றோ எழுதியிருப்பதைக் காணலாம்.

தங்கையின் ஊர் அந்த அலையில் கொஞ்சம் பிந்திச் சேர்ந்த ஊர். அங்கே ஒரு தானியக் கிடங்கு, ஒரு பள்ளி, இரண்டு தேவாலயங்கள், ஓர் அஞ்சலகம் ஆகியவற்றோடு, ஊரிலேயே பெரிய கட்டடமாக இந்த அரங்கம் நிற்கிறது. அதைக் கட்டியபோது இருபது வயது இளைஞராக இருந்த பெரியவர் ஒருவர்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். கோதுமை விவசாயியான அவர் ஓய்வு பெற்ற பின்னரும் இயந்திர அறையின் சாவியை இடுப்பிலிருந்து கழற்றியதில்லை.

பணம் சேர்த்த விதத்தைத்தான் அவர் முதலில் சொன்னார். செயற்குழுவினர் வீடு வீடாகப் போய்ப் பணம் கேட்கவில்லை; பணம், தானியம், உழைப்பு என்று மூன்று கட்டங்கள் போட்ட ஒரு தாளை அஞ்சலகச் சுவரில் ஒட்டிவிட்டு, எதைத் தர முடியுமோ அதில் பெயரை எழுதுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் எடுக்க வராத வீடு இல்லை என்பதால் அந்தத் தாளைப் பார்க்காத கண்ணும் இல்லை. யாருடைய பெயர் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்; இது சற்றே கொடுமையான உத்திதான், ஆனால் நம் கோயில் நன்கொடைப் பட்டியலை ஒலிபெருக்கியில் படிக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை. அடுத்ததாக, ஒரு குடும்பம் தன் நிலத்தில் 160 ஏக்கரை ஊருக்கென்று ஒதுக்கிக் கொடுத்தது. விதைப்புக் காலத்தில் ஒருவர் விதையும், ஒருவர் உரமும், மற்றவர்கள் தங்கள் டிராக்டர்களும் கொண்டுவருவார்கள். அறுவடை நாளில் ஊரின் அறுவடை இயந்திரங்கள் எல்லாம் அந்த ஒரே வயலில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்துவிடும். விளைச்சல் விற்ற பணம் அரங்கக் கணக்கில் சேரும். இந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. இலையுதிர் காலத்தில் வான்கோழி, உருளைக்கிழங்கு, பூசணிப் பலகாரம் என்று ஊரே சமைத்து, சுற்றுவட்டாரத்தாருக்குச் சீட்டு விற்று நடத்தும் விருந்து மற்றொரு வரும்படி.

கட்டுமானத்தில் அவர்கள் எடுத்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். பனித்தளத்தின் குழாய்களைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கலாம், அல்லது வெறும் மணலுக்குள் புதைக்கலாம். கான்கிரீட் போட்டால் கோடைக்காலத்தில் அதே தரையில் சந்தை, திருமணம், கண்காட்சி என்று எதையும் நடத்தலாம். மணல் தரையில் பனிக்காலத்தைத் தவிர வேறு பயன் இல்லை. ஆனால் மணலுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கூட்டத்தில் பெருவாரியானோர் கான்கிரீட்டையே விரும்பினாலும், கடன் வாங்காமல் முடிகிற அளவுக்கே கட்டுவது என்று தீர்மானித்து, முதலில் மணலோடு நிறுத்திக்கொண்டார்களாம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, கையில் பணம் சேர்ந்ததும், குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் தரை போட்டார்கள். இரட்டை வேலை என்று தோன்றலாம். தொழில்காரனாகப் பார்த்தால் அதுவே சரி. அந்தப் பத்து ஆண்டுகளில் ஊரில் ஐந்தாறு பேர் குளிர்பதன இயந்திரத்தை இயக்கக் கற்றுத் தேர்ந்தார்கள். கடனில் தொடங்கியிருந்தால் முதல் பழுதிலேயே கதவை மூடியிருப்பார்கள்.

கான்கிரீட் போட்ட நாளைப் பற்றி அந்தப் பெரியவர் பேசும்போது குரலே மாறியது. முதலில் மண்ணைச் சமன் செய்து, அதன் மேல் மணலும் வெப்பக் காப்புப் பலகையும் போட வேண்டும். காப்புப் பலகைக்குக் கீழே சற்று வெதுவெதுப்பான திரவம் ஓடும் குழாய்களும் வேண்டும்; இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் கீழிறங்கும் குளிர், அடிமண்ணிலுள்ள ஈரத்தை உறைய வைத்துத் தரையையே மேலே தூக்கி வெடிக்கச் செய்துவிடும். பனித்தளத்தைக் காப்பாற்ற அதன் அடியைச் சூடாக்க வேண்டும் என்று சொன்னால் எங்கள் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் சிரிப்பார்கள். காப்புப் பலகைக்கு மேலே கம்பி வலை, அதன் மேல் குழாய். 60 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு குழாய் வீதம் போட்டால் 260 வரிசைகள் வரும். நீட்டி வைத்தால் ஏறத்தாழ 15.6 கிலோமீட்டர். அவ்வளவு குழாயையும் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களின் தாய்மார்களும். பிறகு குழாய்களுக்குள் காற்றை அடைத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று இரவு முழுக்கக் காவல் இருந்திருக்கிறார்கள். முள் இறங்கியது. சோப்பு நீரைத் தடவிக்கொண்டு வரிசை வரிசையாகத் தவழ்ந்து, குமிழி விடும் இணைப்பைத் தேடிப் பிடித்தது ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியாம். அந்தச் சிறுமிதான் இன்று ஊராட்சித் தலைவர்.

தரை முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இணைப்பில் விரிசல் கண்டு, குழாயையும் சேர்த்து உடைக்கும். விடியற்காலையில் முதல் கலவை லாரி வந்ததிலிருந்து இரவு கடைசிப் பரப்பைத் தேய்த்து முடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சமையலறையில் அடுப்பு அணையவில்லை. நம் ஊரில் கோத்தோங் ரோயோங் (கூட்டுழைப்பு) என்று சொல்லிக்கொண்டு, அரைமணி நேரம் துடைப்பத்தோடு படம் எடுத்துவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்புகிற நிகழ்ச்சிகளையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதால், அந்த நாளின் அருமை எனக்கு நன்றாகவே உறைத்தது.

கட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் குளிர்பதனத்தைப் பற்றித் தெரியாதவர்கள். தளத்தில் உள்ள பனியின் கனம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். அதற்குத் தேவையான நீர் ஏறத்தாழ 43,000 லிட்டர் என்று கணக்கிடலாம். ஆனால் அதை ஒரேயடியாக ஊற்ற முடியாது. முதலில் குழாயில் உறையாமல் ஓடும் உப்புநீரைக் குளிர்வித்துத் தரையை உறைநிலைக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிறகு மெல்லிய தூறலாகத் தெளித்து, அது உறைந்ததும் அடுத்த தூறல். சில படலங்கள் சேர்ந்தபின் வெள்ளைச் சாயம். அதற்கு மேலே கோடுகளும் வட்டங்களும். மறுபடியும் படலம் மேல் படலம். இரவில்தான் இந்த வேலை நன்றாக நடக்கும். ஐஸ் ஹாக்கிக்குப் பனியின் வெப்பநிலை மைனஸ் 5 அல்லது 6 பாகை அளவில் இருக்க வேண்டும், கலைச்சறுக்குக்கு ஓரிரு பாகை கூடுதலாக இருந்தால்தான் சறுக்குக் காலணியின் கத்தி பதியும் என்பதால், மாலையில் சிறுமிகளின் சறுக்குப் பயிற்சியும் இரவில் ஆண்களின் ஹாக்கியும் நடக்கும் நாளில் இயந்திர அறைக்காரர் இரண்டு தரப்பாரின் புலம்பலையும் கேட்க வேண்டும்.

தளத்தைச் செப்பனிடும் வண்டிக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐஸ் கட்டி விற்றுப் பிழைத்த பிராங்க் ஸாம்போனி, வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி வந்ததும் தொழில் படுத்துவிட, கையிலிருந்த குளிர்பதன அனுபவத்தை வைத்து 1940-இல் ஒரு சறுக்குத் தளம் திறந்தார். பனியைச் சுரண்டி, கழுவி, புதுநீர் ஊற்றி உறைய வைக்க ஆட்கள் பலர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பாடுபட வேண்டியிருந்ததைப் பார்த்து, இத்தனையையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் வண்டியை 1949-இல் உருவாக்கினார். அந்த வண்டி ஊற்றுவது வெந்நீர்: சூடான நீரில் கரைந்திருக்கும் காற்று குறைவு, விரிசலுக்குள் நன்றாக இறங்கும், உறைந்தால் பனி தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும். தங்கையின் ஊரார் புது வண்டி வாங்கவில்லை. பெரிய ஊர் ஒன்று கழித்துவிட்ட வண்டியை வாங்கி, டிராக்டர் பழுது பார்க்கிற கொட்டகையில் வைத்துச் சரிசெய்து ஓட்டுகிறார்கள்.

உண்மையான சுமை மின்கட்டணம்தான். இயந்திர அறையில் தடித்த எழுத்தில், இரண்டு கம்ப்ரசர்களையும் ஒருசேரத் தொடக்கக் கூடாது என்று ஓர் அட்டை தொங்கியது. மாதம் முழுவதும் எவ்வளவு மின்சாரம் எரித்தோம் என்பதோடு, ஏதோ ஒரு கணத்தில் உச்சமாக எவ்வளவு இழுத்தோம் என்பதற்கும் தனியாகக் கட்டணம் உண்டு. கோலாலம்பூரில் எங்கள் கட்டடங்களுக்கும் அதே கதைதான். யாரோ ஒருவர் அவசரத்தில் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால், அந்த நிமிடத்தின் விலையை மாதக் கடைசியில் ஊரே கட்டும். அட்டைக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு. ஒவ்வொரு வேளையும் உறிஞ்சழுத்தம், வெளியேற்றழுத்தம், உப்புநீர் போகும் சூடு, வரும் சூடு, எண்ணெய் மட்டம் என்று பென்சிலால் எழுதி, கையெழுத்து இட்டிருக்கிறார்கள். பல ஆண்டுப் பதிவேடுகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. கண்ணாடிச் சுவர் வைத்த கோபுரங்களில்கூட இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் அடிக்கடி பார்ப்பதில்லை. கம்ப்ரசர் கக்கும் வெப்பத்தையும் அவர்கள் வீணாக்குவதில்லை. உடை மாற்றும் அறையின் குளியல் நீர் அதில்தான் சூடாகிறது, வண்டி சுரண்டிக் கொட்டும் பனியும் அதில்தான் உருகுகிறது.

ஊர் எப்படி இதில் சலிக்காமல் இருக்கிறது என்பதற்கு என் மனத்தில் ஒரு விடை உண்டு. பனிக்காலம் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள்; பனி உருகி வடிகாலில் போய்விடும். அடுத்த இலையுதிர் காலத்தில் எல்லாரும் மறுபடியும் கூடி, சாயம் பூசி, நீர் தெளித்து முதலிலிருந்து செய்தாக வேண்டும். கட்டியவர்கள் வயதாகி விலகினாலும், ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற அந்தப் பத்து இரவுகளில் அடுத்த தலைமுறை வேலையைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. நம் முன்னோர் கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்று வைத்ததிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. மலேசியத் தமிழர் கட்டிய கோயில்கள் தலைமுறை தாண்டி நிற்பதற்கும், அதே தமிழர் அதே தோட்டத்தில் அதே ஆர்வத்தோடு கட்டிய பொது மண்டபங்களும் படிப்பகங்களும் பூட்டிக் கிடப்பதற்கும் வேறுபாடு பக்தி மட்டும் அல்ல. மண்டபத்துக்குத் திறப்பு விழா உண்டு, குடமுழுக்கு கிடையாது.

அதற்காக நம்மவர்க்குக் கூட்டு முயற்சி தெரியாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியதால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்துகொண்டிருந்த காலத்தில், அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டிய தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். கனடிய விவசாயிகளுக்குச் சொந்தமாக நிலமும் டிராக்டரும் இருந்தன. நம் பாட்டன்மார்க்கு லயத்து வீடுகூடச் சொந்தமில்லை. அப்படிப்பட்டவர்கள் செய்ததோடு ஒப்பிட்டால் பனித்தளம் கட்டியது சிறிய செயல் என்றே சொல்வேன்.

கூட்டுழைப்பில் எல்லாம் இன்பமாகவே முடிவதும் இல்லை. 1959 பிப்ரவரியில் ஒன்டாரியோவின் லிஸ்டோவல் என்ற சிற்றூரில், பனிச்சுமை தாங்காமல் அரங்கக் கூரை இடிந்து ஆடிக்கொண்டிருந்த சிறுவர்கள் ஏழு பேரும் பெரியவர் ஒருவரும் இறந்தார்கள். 2017 அக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெர்னி நகர அரங்கில் பழைய சில்லர் ஒன்றிலிருந்து, குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அம்மோனியா விலை குறைந்தது, வெப்பத்தைக் கடத்துவதில் அதற்கு நிகர் அரிது, ஓசோனைக் கெடுக்காது; ஆனால் மூடிய அறைக்குள் அது ஆளை விடாது. பெர்னியில் சில்லருக்குள் ஏற்பட்ட சிறிய ஓட்டை வழியே அம்மோனியா உப்புநீரில் கலந்திருந்தது என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. என் தொழில் சார்ந்த எவரும் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருக்க முடியாது. அன்பும் ஆர்வமும் வால்வை மூடாது. அதற்குப் பயிற்சியும் சான்றிதழும் உள்ள ஆள் வேண்டும். தங்கையின் ஊரில் இளைஞர்கள் இருவரைச் செலவு கொடுத்துப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

இயந்திரமே இல்லாமல் இன்றும் இதைச் செய்கிறவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரின் கார்சூ குளத்திலும், லடாக்கின் கிராமங்களில் மண்வரப்பு கட்டி நீர் பாய்ச்சிய வயல்களிலும், குளிர்காலத்தின் சில வாரங்கள் மட்டும் ஐஸ் ஹாக்கி நடக்கிறது. இந்திய மகளிர் அணி 2016-இல் தன் முதல் அனைத்துலகப் போட்டிக்காகத் தைப்பேய் சென்றபோது, அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். பயணச் செலவில் பெரும்பகுதி பொதுமக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தது. பருவம் சுருங்கச் சுருங்க அவர்களுக்கும் இயந்திரம் தேவைப்படும் என்பது எவருக்கும் புரியும்.

இதையெல்லாம் கேட்ட கோலாலம்பூர்ச் செந்தூல் நண்பர்கள் சிலர், நாமும் ஒன்று கட்டலாமே என்று விளையாட்டாகக் கேட்டார்கள். நான் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. சஸ்காச்சுவானில் ஆண்டின் பாதி நாள் வானமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கோலாலம்பூரில் 32 பாகை வெயிலும் காற்றில் ததும்பும் ஈரமும் ஒவ்வொரு கதவிடுக்கிலும் நம்மோடு மல்லுக்கு நிற்கும். பனியை உறைய வைப்பதைவிட, அரங்கக் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்குத்தான் இங்கே தலைவலி அதிகம். ஈரத்தை விட்டால் தளத்தின் மேல் மூடுபனி எழும்பும். கூரையில் நீர் முத்து முத்தாகக் கோத்துக் கீழே சொட்டும். சொட்டிய இடம் புடைத்துக் கத்தியை இடறும். அதனால்தான் வெப்பத்தைக் கீழே வீசாத பளபளப்பான விரிப்பைக் கூரைக்கு அடியில் கட்டுகிறார்கள். இத்தனைக்கும் கட்டணம் செலுத்த நம் குடியிருப்பாளர் சங்கத்தால் ஆகாது. நெகிழிப் பலகையில் சறுக்கும் போலித் தளம் வேண்டுமானால் போடலாம். என்னைக் கேட்டால், ஒழுகுகிற பூப்பந்து மண்டபக் கூரையை மாற்றுவதும், ஆண்டுக்கொரு முறை பள்ளி விடுமுறையில் அதைத் திறந்து கழுவி வண்ணம் பூசுவதை வழக்கமாக்குவதும் போதும் என்பேன். பேச்சு அங்கே வந்ததும், கூரைக்கு மானியம் கிடைக்குமா என்று யாரோ ஒருவர் கேட்டார். அஞ்சலகச் சுவரில் ஒட்டிய தாளைப் பற்றிச் சொன்னேன். எங்கள் அடுக்ககத்தில் எல்லாரும் கடந்து போகிற இடம் மின்தூக்கிதான் என்பதால், அதற்குள் ஒட்டலாம் என்று முடிவாயிற்று. இதுவரை உழைப்புக் கட்டத்தில் நிறையப் பெயர்கள், பணக் கட்டத்தில் கொஞ்சம். தானியக் கட்டத்தை நாங்கள் சாப்பாடு என்று மாற்றியிருக்கிறோம். அதில் எங்கள் மாடி அக்கா ஒருவர் மூன்று வேளைக்கும் தன் பெயரையே எழுதிவிட்டார்.

தங்கை அண்மையில் அழைத்திருந்தாள். அவர்கள் சில்லருக்கு வயதாகிவிட்டது; மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியலை அனுப்பி, "அண்ணே, செயற்குழு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுச்சு" என்றாள். ஒன்று கரியமில வாயுவில் ஓடுவது, ஒன்று செயற்கை வாயுவில் ஓடுவது, மூன்றாவது மறுபடியும் அம்மோனியா. ஆனால் பழைய உருளைச் சில்லருக்குப் பதிலாகத் தகட்டுச் சில்லர் என்பதால் உள்ளே இருக்கும் அம்மோனியாவின் அளவு மிகக் குறையும். பழகிய வாயு, பயிற்சி பெற்ற ஆட்கள், குறைந்த மின்செலவு ஆகியவற்றைக் கருதி மூன்றாவதையே பரிந்துரைத்தேன். செயற்கை வாயு வாங்கினால், ஓசோனைக் கெடுக்கும் பழைய செயற்கை வாயுவான ஆர்-22-இன் இறக்குமதி 2020-இல் கனடாவில் நின்றபோது பல அரங்குகள் பட்ட பாடு இன்னொரு முறை வரலாம் என்றும் எழுதினேன். அறுவடைக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு. அந்த 160 ஏக்கரில் இவ்வாண்டு கனோலா என்ற எண்ணெய் வித்தை விதைத்திருக்கிறார்கள். அதன் விலையைப் பொறுத்துத்தான் புதுச் சில்லர் இந்தக் குளிர்காலத்துக்கா, அடுத்த குளிர்காலத்துக்கா என்பது தெரியும். அதுவரை பழைய சில்லரின் உப்புநீரில் அம்மோனியா கலந்திருக்கிறதா என்று மாதந்தோறும் சோதித்து, முடிவை அந்தப் பதிவேட்டில் எழுதி, எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.